பழைய மாருதி 800: பிரேக் பைப்பையும் ஹோஸையும் மாற்றும்போது

பிரேக் பேடும் ஷூவும் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பைப் சொல்லாது. கடலோர ஊரில் ஓடிய பழைய 800-ஐத் தூக்கிப் பார்த்தால், வெளியே தெரியும் பைப் ஓரளவு நன்றாகவே இருக்கும். பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்பும் சேறும் ஈரத்தோடு தங்கி அரித்துக்கொண்டிருக்கும். கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் பார்த்ததாகவே அர்த்தமில்லை. 4.75 மி.மீ. பைப்பின் சுவர்க் கனமே சுமார் 0.7 மி.மீ.தான். சுரண்டும்போது குழி தெரிந்தால் அந்தப் பைப்பை விட்டுவைக்கக் கூடாது.

ரப்பர் ஹோஸ் கெடும் விதம் வேறு. வெளியே வெடிப்பு தெரிந்தால் சுலபம். உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால்தான் வம்பு. காலை எடுத்த பிறகும் ஒரு முன்சக்கரம் பிடித்தபடியே சூடேறும். பழி, பேடை அழுத்தும் காலிப்பர் மேல் விழும். சக்கரம் பிடித்திருக்கும்போதே ஹோஸின் மேல்முனையில் பைப் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாமல், காலிப்பர் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகை) திறந்ததும் விட்டால் ஹோஸ் அடைப்பு. அதற்கும் விடாவிட்டால்தான் காலிப்பர் ஜாம்.

பைப்புக்கு எஃகு போதும். ஆனால் 90% செம்பும் 10% நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதுவே மேல்: உப்பைத் தாங்கும், கையாலேயே வளையும். வால்வோ 1970-களிலேயே இதற்கு மாறிவிட்டது. ஃபிரிட்ஜ் கடையில் விற்கும் சுத்தச் செம்புக் குழாய் மட்டும் வேண்டாம். அதிர்வில் இறுகி வெடிக்கும். அரித்த துண்டை மட்டும் வெட்டி கேஸ் வெல்டிங்கில் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கி அடித்துவையுங்கள். கழற்ற 10 மி.மீ. ஃபிளேர் நட் ஸ்பானர். சாதா ஓப்பன் ஸ்பானர் முனைகளை வழித்துவிடும். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் போராட வேண்டாம். பைப் எப்படியும் குப்பைக்குத்தான். நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமுனை சாக்கெட் போட்டால் வந்துவிடும். பழைய பைப்பை வளைவு கெடாமல் எடுத்துவைத்தால் அதுவே அளவு.

வேலை கெடுவது பெரும்பாலும் ஃபிளேரில், அதாவது பைப் முனையை விரித்து மடிப்பதில். வெட்டிய முனையின் பிசிறை உள்ளும் புறமும் எடுங்கள். நட்டைப் பைப்பில் கோத்துவிட்டுத்தான் ஃபிளேர் அடிக்க வேண்டும். இதை மறக்காத மெக்கானிக் கிடையாது. 800-க்கு டபுள் ஃபிளேர், அதாவது இரட்டை மடிப்பு. ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் கீறும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். நட்டின் மரை எம்10, பிட்ச் 1.0, முதலில் கையால் சில சுற்று ஏற வேண்டும், பிறகு சுமார் 16 நியூட்டன் மீட்டர். டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது: கசிவைத் தடுப்பது ஃபிளேர், மரை அல்ல. டேப்பின் நூல் உள்ளே போனால் அடைப்பு.

புது ஹோஸ் முறுக்காமல் உட்கார வேண்டும். பேஞ்சோ போல்ட் (ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) இருந்தால் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸுக்கு 800-இல் காசு செலவழிப்பது வீண்; புது ரப்பரே பெடலை இறுக்கிவிடும்.

ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்ணைப் பார்த்து, சீல் உடைக்காத புது ஆயில். சிலிகான் வகையான டாட் 5 இதில் கலக்கவே கூடாது. சக்கர வரிசை மேனுவலில் உள்ளபடி. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை அமுக்கினால், உள்ளிருக்கும் ரப்பர் சீல் இதுவரை போகாத துருப்பிடித்த பகுதியில் ஏறிக் கிழியும். புது பைப் போட்ட அன்றே பிரேக் இறங்குவது பல நேரம் இதனால்தான். பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டையும் காய்ந்த டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.