மூன்றாம் பத்தி யாரிடம்?

நாங்கள் படித்த காலத்தில் கிருஷ்ணகிரிக் கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம், அதாவது பட்டப்படிப்பில் பொதுவாக எல்லோரும் படிக்கும் ஆங்கிலப் பாடம், என்றால் நோட்ஸ் எழுதுவது, மனப்பாடம் செய்வது, தேர்வில் கொட்டிவிட்டு வருவது, அவ்வளவுதான். அஞ்செட்டி, தளி, வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த பலருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, பள்ளியில் தமிழ். ஆங்கிலம் மூன்றாவது. எழுந்து பேசச் சொன்னால் பெயரும் ஊரும் சொன்னதோடு வாய் அடைத்துவிடும். இலக்கணம் தெரியாததைவிட, பேச விஷயம் இல்லாததுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு வந்த ஆங்கில மேடம் அதைக் கண்டுகொண்டார். செய்தித்தாள் கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து நான்கு துண்டாக வெட்டிக்கொண்டு வருவார். நால்வர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடி, தெரியாத சொல்லையும் உச்சரிப்பையும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்கு நான்கு துண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

டவுனில் ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் அதுவரை எங்களோடு அதிகம் பேசியதில்லை. இப்போது அவர்களே, "மூணாவது பத்தி உன்கிட்டதானே இருக்கு, மெதுவா சொல்லுப்பா" என்று காத்திருந்தார்கள்.

மாங்கூழ் ஏற்றுமதி பற்றிய கட்டுரை வந்த நாள் மறக்க முடியாதது. காவேரிப்பட்டணத்துத் தோட்டக்காரர் மகன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், தன் துண்டைச் சொல்லி முடித்த பிறகும் நிறுத்தவில்லை. பெங்களூரா மாங்காயை ஏன் காம்போடு பறிக்க வேண்டும், பால் வழிந்தால் தோல் எப்படிக் கறுத்துப்போகும் என்று கையை ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தில் விளக்கினான். காலமும் ஒருமை பன்மையும் எங்கெங்கோ போயின. மேடம் ஒன்றையும் திருத்தவில்லை. பக்கத்துக் குழுக்காரர்களும் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

திருத்தம் வேறு நாளில் நடக்கும். நாடகக் காட்சியைத் தாளைக் கையில் வைத்தபடியே ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்போம். மனப்பாடம் தேவையில்லை, வேஷமும் இல்லை. மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொள்வோம், அழுத்திச் சொல்லும் அசையில் மேசையைத் தட்டுவோம். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லும் எங்கள் பழக்கம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

துண்டு பிரித்துப் படிக்கும் முறைக்கு ஜிக்சா என்று பெயர் என்பதைச் சிங்கப்பூர் வந்த பிறகே தெரிந்துகொண்டேன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தொடங்கியது அது. நிறவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டதும் மோதல் மூண்டது. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்குக் காரியம் ஆகாது என்ற நிலையை உண்டாக்கத்தான் அவர் பாடத்தைப் பிரித்துக் கொடுத்தார். பேச்சு ஆங்கிலத்துக்கென்று வந்த முறை அல்ல. ஆனாலும் முன் பெஞ்சும் பின் பெஞ்சுமாகப் பிரிந்து கிடந்த எங்கள் வகுப்புக்கு அது அத்தனை பொருத்தமாக இருந்தது.

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் கல்லூரிக்கு மொழி ஆய்வகம் அமைத்துத் தரலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு, அடுத்த பத்திக்காகக் காத்திருக்கும் முகம் எதிரே இருக்காது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது செய்தித்தாள் சந்தாவுக்கும் ஜெராக்ஸ் செலவுக்கும் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் அவரவர் வேலையைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதி அனுப்பினால் வகுப்புக்குப் புதிய பாடமும் கிடைக்கும். கப்பலில் எந்தக் கன்டெய்னர் அடியில், எது மேலே, ஏன் என்று நான் எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத் துறை கேட்ட அன்றே அனுப்பிவிடுவேன்.