மும்பை எரிமலைக்கு உச்சி கிடையாது

லோக்கல் ரயில் தண்டவாளத்தில் கொட்டியிருக்கும் ஜல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? ஊர்ப்பக்கம் பார்க்கிற சாம்பல் நிற ஜல்லி இல்லை, நல்ல கறுப்பு. அது பசால்ட், அதாவது லாவாவாக ஓடி உறைந்த கல். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று மும்பையில் நம் தமிழ் ஆட்கள் இருக்கும் இடமெல்லாம், நிரப்பிய மண்ணையும் சேற்றையும் தாண்டித் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் முட்டுவது எரிமலைப் பாறைதான்.

எங்கள் பில்டிங்கில் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ அந்த மலை எங்கே?"

மலையே கிடையாது. எரிமலை என்றாலே கூம்பு, உச்சியில் ஓட்டை, புகை என்று பாடப்புத்தகப் படம் மனதில் பதிந்துவிட்டது. தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததோ வேறு: தரை நீள நீளமாக வெடித்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு பொங்கி, ஓடி, உறைந்து, அதன்மேல் அடுத்தது ஓடி, இப்படி அடுக்கடுக்காக. இன்று மிச்சமிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். சில ஓட்டங்கள் ராஜமுந்திரி வரை போயிருக்கின்றன, கிட்டத்தட்ட 1,000 கி.மீ.! பகல் ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் கர்ஜத் தாண்டி காட் மலை ஏறும்போது தூங்காமல் ஜன்னல் வழியே பாருங்கள், மலைச்சரிவில் படிப்படியாகத் தெரிவது அந்த அடுக்குகள்தான்.

ஏன் சில எரிமலை சாதுவாக ஓடுகிறது, சிலது வெடிக்கிறது? பெரும்பாலும் சிலிக்காவும் (மணலில் இருக்கும் அதே பொருள்) வாயுவும்தான் காரணம். பசால்ட் குழம்பில் சிலிக்கா பாதி அளவுதான், சூடு 1,100 டிகிரிக்கு மேல், அதனால் இளகி ஓடும், உள்ளே கரைந்திருக்கும் வாயுவும் சுலபமாக வெளியேறிவிடும். சிலிக்கா 70 சதவீதத்தைத் தொட்டால் குழம்பு இறுகிவிடும். கேழ்வரகுக் கூழ் கெட்டியாகக் கொதிக்கும்போது 'பொத்'தென்று கையில் தெறிக்குமே, அதேதான், மாட்டிக்கொண்ட ஆவி வழி தேடுகிறது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்த சத்தம் சுமார் 4,800 கி.மீ. தள்ளி, இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது.

அதற்காக ஓடுகிற ரகம் சாது என்று நினைத்துவிடாதீர்கள் (நானே மேலே அப்படி எழுதிவிட்டேன், பேச்சுவாக்கில்). ஐஸ்லாந்தில் 1783-இல் லாக்கி என்ற பிளவு எட்டு மாதம் லாவா கக்கியது. லாவாவைவிட அதோடு வந்த கந்தக, ஃபுளோரின் வாயுக்கள்தான் எமன். ஆடு மாடுகள் செத்து, பஞ்சம் வந்து, நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. லாக்கி கக்கியது சுமார் 15 கன கி.மீ., தக்காணம் கக்கியது 10 லட்சத்தையும் தாண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். டைனோசர் அழிந்ததற்கு விண்கல்லோடு இதற்கும் பங்கு உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தவளைகள். ஒரு லாவா ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்திருக்கிறது; அந்த நேரத்தில் குளம் குட்டை தேங்கி, செடி முளைத்து, தவளையும் ஆமையும் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. வொர்லி பக்கத்துப் பாறையில் அந்தக் குட்டித் தவளைகள் புதைபடிவமாகக் கிடைத்தன, 19-ஆம் நூற்றாண்டிலேயே. இன்றைக்கு வொர்லியில் ஒரு வீடு வாங்க என்ன விலை என்று யோசித்தால் தவளைகள் கொடுத்துவைத்தவை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில். சுமார் 60 மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் தூண்கள் செங்குத்தாக நிற்கும், குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த விரிசல்களால் பிரிந்தவை அவை. மேலே காவ்தேவி கோயில், சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு. இறுகிய ரகமும் நம் ஊரிலேயே உண்டு: கோராய் தாண்டி உத்தன், டோங்ரி பக்கம் இருப்பது சிலிக்கா மிகுந்த ரயோலைட். மும்பைப் பாறைகள் தக்காணத்தின் கடைசிக் காலத்தவை, அதனால்தான் இவ்வளவு ரகம்.

சரி, மறுபடி வெடிக்குமா? இங்கே வாய்ப்பில்லை. பூமிக்குள் எல்லாம் குழம்பாகக் கிடக்கிறது என்பது தவறு, மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் என்ற அடுக்கு பெரும்பாலும் திடமான பாறைதான். ஆழத்திலிருந்து சூடான பாறை மேலே ஏறி வர, அழுத்தம் குறைய, அதில் ஒரு பகுதி உருகுகிறது. அந்தச் சூடு அங்கேயே இருக்க, இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. அந்தமானின் பாரன் (Barren) தீவு எரிமலை இன்றும் சீறுகிறது, ஆனால் அது வேறு கதை. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகி, கூடப் போகும் நீர் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது.

நம்முடைய பழைய அடுப்பு இப்போது எரிவது இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில். பிட்டோன் டி லா ஃபுர்னேஸ் என்று பெயர், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று, 2007-இல் அதன் உச்சிக் குழியே சுமார் 300 மீட்டர் சரிந்து உள்ளே போனது. அந்தத் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சம் இன்றும் அங்கே காவடி எடுக்கிறது, தீயும் மிதிக்கிறது.