குதிரையா, ஆளா?

"அக்கா, இது குதிரையா, ஆளா?"

பக்கத்து சீட்டிலிருந்து அந்தப் பெண் கேட்டு ஆறு வருஷம் ஆகப்போகிறது. பழைய ஆவணங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிக்கும் டேட்டா என்ட்ரி வேலை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அனாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட கார்டியன்கள் எழுதிய கணக்குகள், 1770களின் பேட்ச். அவள் திரையில் வரவுப் பக்கம். வாடகை என்று எழுதி ஒரு பெயர், எதிரே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். அடுத்த வருஷத்து வரியில் அந்தப் பெயர்கூட இல்லை, டிட்டோவின் சுருக்கம் மட்டும். அடிமை ஆளை வாடகைக்கு விட்டாலும் குதிரையை விட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அவள் குழம்பியதில் தப்பில்லை.

எட்டிப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'பையன்' என்று இருந்தது.

"ஆள்தான்."

"அப்போ இவன் பேரையும் போடணுமா?"

"டெம்ப்ளேட்ல அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லக்கா. ஆனா சின்னப் பையன்னா இவனுக்கும் யாரும் இல்லாம இருக்கலாமே?"

"விடுமா. நேரமாகுது."

நடந்தது அவ்வளவுதான். கார்டியன் பெயர், அனாதை பெயர், கவுன்டி, தேதி: கேட்டது நான்கே நான்கு. அதற்குத்தான் சம்பளம். டார்கெட்டில் பின்தங்கினால் யார் பதில் சொல்வது? அடிமைகளில் வளர்ந்த ஆளையும் பையன் என்றே எழுதியவர்கள் அவர்கள், அவன் சிறுவன்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? இதெல்லாம் அன்று நான் சொல்லவில்லை, பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

அந்தக் கணக்குகள் மேல் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அப்பா செத்த வீட்டில் சித்தப்பாவோ பெரியப்பாவோ சொத்தை முழுங்கிய கதை நம் பக்கம் எத்தனை கேட்டிருக்கிறோம். அங்கே கார்டியன் வருஷா வருஷம் கோர்ட்டில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனே, மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்காக இப்படிக் கணக்குக் கொடுத்தவர்தான். செருப்பு, துணி, வாத்தியார் சம்பளம் எல்லாம் பென்ஸ் சுத்தமாக இருக்கும். 1656லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டிருந்தார்கள்: பிள்ளையின் படிப்புச் செலவு சொத்தின் வட்டியிலிருந்து, முதல் கரையக்கூடாது. வட்டி போதாத அளவுக்குச் சின்னச் சொத்தென்றால், 21 வயதுவரை ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிட வேண்டும்.

முதல் கரையக்கூடாது. படிக்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அந்தப் பையன்தான் அங்கே முதல். அவனை வருஷ வாடகைக்கு விட்டு வந்த பணம் வட்டி. பெரும்பாலும் ஜனவரி 1ஆம் தேதி ஆள் கைமாறும். அடுத்த வருஷம் வேறு வீடாகவும் இருக்கலாம். செலவுப் பக்கத்துச் செருப்பு அந்த வரவில் வாங்கியதுதான். கணக்கு ஒழுங்காக இருந்ததே இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அதுவும் அநியாயமான பேச்சு. அந்த அனாதைப் பிள்ளை என்ன செய்யும்?

அமெரிக்க சென்சஸில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது 1850லும் 1860லும். அதில் வயசு, ஆணா பெண்ணா, நிறம் எல்லாம் உண்டு. பெயர் கிடையாது, வெகு சில இடங்கள் தவிர. அந்த அடிமைகளின் வழிவந்தவர்களில், 1870 சென்சஸுக்கு முன்னால் தங்கள் முன்னோர் யார் என்று தேடுகிறவர்கள் உயில், சொத்துப் பட்டியல், இந்தக் கார்டியன் கணக்கு என்றுதான் துழாவுகிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? டெம்ப்ளேட் அதே டெம்ப்ளேட்தான்.

பக்கத்து சீட்டுப் பெண் ரிமார்க்ஸில் அந்தப் பையனின் பெயரை அடித்து வைத்திருந்தாள். கியூசியில், அதாவது தரச் சோதனையில், மாட்டும் என்று நான்தான் அழித்தேன். என்ன பெயர் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அனாதைப் பெண்ணின் பெயர் இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்குக் கட்டம் இருந்ததே.

கிளையண்டிடம் கேட்டிருக்கலாமே என்பார்கள். அவர்கள் எங்கே பதில் போடப்போகிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதே பிராஜெக்டில், பேட்ச் தொடங்கிய வாரம், நானே ஒரு மெயில் போட்டிருக்கிறேன். அப்பா மட்டும் இறந்திருந்தாலே அந்தச் சட்டத்தில் பிள்ளை அனாதை. அம்மா உயிரோடு இருந்து, மறுகல்யாணமும் ஆகி, கணக்கில் அவள் பெயரும் வரும். அம்மா இருக்கும்போது அனாதை என்று அடிக்க எனக்கு மனசு வரவில்லை, தாய்க்கென்று ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. சேர்த்துக்கொடுத்தார்கள்.