எந்தச் சேர்வரில் நிற்கிறோம்?

கிளிநொச்சியில் இயங்கும் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலையின் பெரும்பகுதி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் டெர்மினல் சாளரத்துக்குள்தான் நடக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் நெல் கொள்வனவுக் கணக்குகளைக் கையாளும் மென்பொருளுக்கு மூன்று சேர்வர்கள் உள்ளன: எழுதிப் பார்ப்பதற்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று, விவசாயிகளின் உண்மையான கணக்குகள் இருக்கும் ஒன்று. மூன்றிலும் கட்டளைகள் ஒன்றே, கோப்புறைகளும் ஒன்றே. பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தால், வரியின் தொடக்கத்தில் வரும் சேர்வரின் பெயரைத் தவிர வேறு வேற்றுமை தெரியாது. காலபோக அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து குவியும் நாட்களில், களைத்த கண் அந்தப் பெயரை ஒவ்வொரு முறையும் படிக்கும் என்று நம்பியிருப்பது சரியல்ல என்று எனக்குப் பட்டது. இடத்தைச் சாளரமே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பின்னணி நிறத்தை மட்டும் மாற்றுவது எளிது. ஓஎஸ்சி 11 என்னும் எஸ்கேப் தொடரை, அதாவது டெர்மினலுக்கே கட்டளையிடும் குறியீட்டுத் தொடரை, அச்சிட்டால் இன்றைய டெர்மினல்களில் பெரும்பாலானவை அதற்கு இணங்கும். எனக்குப் படமும் தேவைப்பட்டதால் வெஸ்டெர்ம் என்னும் டெர்மினல் மென்பொருளைத் தேர்ந்தேன். அதன் அமைப்புக் கோப்பு லுவா மொழியில் எழுதப்படும் ஒரு நிரல் என்பதே அதற்குக் காரணம். பின்னணியை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கின் பிரகாசத்தையும் ஒளிபுகு அளவையும் தனித்தனியே அமைக்கலாம். தொலைவிலுள்ள சேர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் கட்டளையைச் சுற்றி நான் எழுதிய சிறு ஸ்கிரிப்ட், இணைப்புக்கு முன் சேர்வரின் வகையை ஒரு பயனர் மாறியாக, அதாவது பெயரிட்ட சிறு குறிப்பாக, டெர்மினலுக்கு அனுப்புகிறது. இணைப்பு முறையாக முடிந்தாலும் இடையில் அறுந்தாலும் அந்த மாறியை அழித்துவிடுகிறது. வெஸ்டெர்ம் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு தடவை எழுப்பும் நிலைப் புதுப்பிப்பு நிகழ்வில், அப்போது முன்னால் இருக்கும் பலகத்தின் மாறியை லுவா படித்து, மாற்றம் இருந்தால் மட்டும் பின்னணியை மாற்றுகிறது. மாறி வந்த கணத்திலேயே மாற்றினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் பின்னணி முழுச் சாளரத்துக்கும் உரியது. ஒரு தாவலில் இணைந்துவிட்டு அடுத்த தாவலுக்குப் போனால் பழைய நிறம் அங்கும் தொடரும், அது நிறமே இல்லாததைவிட ஆபத்தானது. ஒரு டெர்மினலுக்குள் பல அமர்வுகளை நடத்த உதவும் டிமக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் 3.3ஆம் பதிப்பிலிருந்து வந்த ஊடுசெல் அனுமதியை (allow-passthrough) இயக்கவும் வேண்டும். இல்லையேல் மாறி வெளியே வந்து சேராது.

படங்கள் எல்லாம் எங்கள் ஊரில் எடுத்தவை. பரிசோதனைச் சேர்வருக்கு இளம் நெல்வயல்; உண்மைச் சேர்வருக்கு இரணைமடுப் பக்கத்துச் சிவப்புக் கிரவல் வீதி. அழகான படம் நல்ல பின்னணியாகிவிடாது என்பதை அந்த வீதிப் படத்தில்தான் விளங்கிக்கொண்டேன். பிரகாசத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்த பின்னரும், வெயில் பட்ட சிறு கற்கள் வெளிர்ப் புள்ளிகளாகத் திரையில் நின்றன. விவசாயிகளின் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டபோது, ஓர் எழுத்தின் தலைக்கு நேரே அப்படியொரு கல் அமைந்து, ‘ல’ என்பது ‘ல்’ என்று தெரிந்தது. எடைக் கணக்கில் அதே கல் தசமப் புள்ளியாகத் தோன்றக்கூடும். இமேஜ்மேஜிக் என்னும் படத்திருத்த மென்பொருள் கொண்டு படத்தை நன்றாக மங்கலாக்கி, மேற்பகுதியில் இருந்த வானத்தையும் வெட்டி நீக்கினேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இணைய அணுகல் நெறிமுறைகள் கேட்கும் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தை, படத்தின் சராசரி நிறத்தோடு அல்லாமல் அதன் மிக வெளிச்சமான இடத்தோடு ஒப்பிட்டே இப்போது சோதிக்கிறேன். ஓரிடத்தில் படிக்க முடியாத எழுத்து எனக்கு எழுத்தே அல்ல.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் இரண்டு சாளரங்களையும் பார்த்துவிட்டு, “அண்ணை, எனக்கு ரெண்டும் ஒரே மண் நிறமாத்தான் தெரியுது” என்றார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அவருக்குக் கடினம். அவர் சொன்னபடியே உண்மைச் சேர்வரின் படத்தின் மேல், சாய்கோடுகள் கொண்ட ஓர் அடுக்கை இடது ஓரத்தில் சேர்த்தேன். மேற்பட்டையில் சேர்வரின் வகையைத் தமிழில் எழுதவும் செய்தேன். மற்றவர்களும் இப்போது நிறத்துக்கு முன் அந்தக் கோடுகளைத்தான் கவனிக்கிறார்கள்.

எந்தச் சேர்வர் எந்த வகை என்று குறித்திருக்கும் பட்டியலில் இல்லாத சேர்வருக்கு எந்தப் படம் என்பதில் அலுவலகத்தில் நீண்ட பேச்சு நடந்தது. வெறும் கறுப்பே போதும் என்றார்கள் சிலர், நான் ஒப்பவில்லை. இப்போது முன்னணியில் எஸ்எஸ்ஹெச் ஓடிக்கொண்டிருந்து, மாறி எதுவும் வராமல் இருந்தாலும், தெரியாத பெயர் வந்தாலும், லுவா கிரவல் வீதியையே போடுகிறது. அண்மையில் பயிற்சிக்கு வந்த தங்கை, புதிதாக நிறுவிய பரிசோதனைச் சேர்வருக்குள் போய்விட்டு, “இது டெஸ்ட் சேர்வர்தானே அண்ணா, ஏன் சிவப்பாகக் கிடக்குது?” என்று கேட்டார். பட்டியல் இருக்கும் கோப்பைக் காட்டினேன். புதிய சேர்வரின் பெயரை அவரே அதில் சேர்த்துக்கொண்டார்.