கொட்டகையில் நின்ற மஸில் கார்களை விற்கும் முன்

முதல் வாரம் எதையும் தொடாதீர்கள். துடைக்க வேண்டாம், பேட்டரி மாட்ட வேண்டாம், சாவியைத் திருக வேண்டாம். அமெரிக்காவில் அப்பாவோ மாமனாரோ சேர்த்துவைத்த எட்டுப் பத்து மஸில் கார்கள், அதாவது 1960, 70களில் வந்த பெரிய எஞ்சின் கார்கள், ஒரு குடும்பத்தின் கைக்கு வரும்போது, முதலில் நடப்பது என்னவோ கழுவித் துடைப்பதுதான். அங்கேயே பணம் கரைய ஆரம்பிக்கிறது.

2013 செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில் லாம்ப்ரெக்ட் செவ்ரலே டீலரின் பழைய இருப்பு ஏலம் போனது. ஏறக்குறைய 500 வண்டிகள். தூசியும் அழுக்குமாக, இருந்தது இருந்தபடியே விற்றார்கள். ஓடோமீட்டரில் 1.3 மைல் மட்டுமே காட்டிய 1958 கேமியோ பிக்கப் ஒன்று 1,40,000 டாலருக்குப் போனது. அது மஸில் கார் அல்ல. ஆனால் வாங்குபவரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யார் கையும் படவில்லை என்பதற்கு அந்தத் தூசிதான் சாட்சி.

எனவே முதல் வேலை போட்டோ. நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும், உள்ளே, டிக்கி, எஞ்சின், அடிப்பாகம், சுற்றிக் கிடக்கும் பெட்டிகள் உட்பட எல்லாவற்றையும் எடுங்கள். எந்த உதிரிபாகம் எந்தக் காருக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது முக்கியம். அலமாரியில் இருக்கும் மூன்று ஹோலி கார்புரேட்டர்கள் யாருக்கோ பழைய இரும்பு; அவை பக்கத்தில் நிற்கும் 440 சிக்ஸ் பேக் காரிலிருந்து (440 கன அங்குல எஞ்சின், மூன்று கார்புரேட்டர்) கழற்றியவை என்றால் அந்தக் காரின் விலையில் பாதி பேச்சு அவற்றைப் பற்றித்தான் இருக்கும். உதிரிபாகங்களை மொத்தமாகத் தனியே விற்றுவிட்டு, பிறகு கார்களை விற்கப் போகிறவர்கள் செய்யும் தவறு திருத்தவே முடியாதது.

அடுத்தது நம்பர். இந்தக் கார்களில் விலை வெளித்தோற்றத்தில் இல்லை, எண்களில் இருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே வருடம், ஒரே நிறம். ஆனால் பிறந்தபோது எந்த எஞ்சினோடு பிறந்தது என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். கம்பெனிக்குக் கம்பெனி இதைக் கண்டுபிடிக்கும் வழி வேறு.

கிரைஸ்லர் கார்களில் வேலை சுலபம். வின் நம்பரின், அதாவது நம்மூர் சேசிஸ் நம்பர் போன்ற காரின் அடையாள எண்ணின், ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். 1970 பிளிமத், டாட்ஜ் கார்களில் 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'வி' என்றால் 440 சிக்ஸ் பேக், 'யு' என்றால் நான்கு பேரல் கார்புரேட்டர் போட்ட 440. 1969இல் ஹெமிக்கு 'ஜே'. வருடம் மாறினால் எழுத்தும் மாறும், ஒரு வருடத்துப் பட்டியலை வைத்து இன்னொரு வருடத்தைப் படிக்கக் கூடாது. ஃபோர்டிலும் ஐந்தாவது இடம்தான்: 1969 மஸ்டாங்கில் 'இசட்' பாஸ் 429, 'ஜி' பாஸ் 302, 'ஆர்' ராம் ஏர் உள்ள 428 கோப்ரா ஜெட். 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்தே அந்தக் காரின் நிறம், கியர்பாக்ஸ், டீலர் எல்லாம் வந்துவிடும். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் என்ற நிறுவனம் இதே மாதிரிப் பழைய பில் நகல் தருகிறது.

செவ்ரலேயில்தான் தலைவலி. 1972க்கு முந்தைய வின் நம்பர் வி8 எஞ்சினா, ஆறு சிலிண்டரா என்று மட்டுமே சொல்லும். 1970 ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 454 காரும் சாதாரண மாலிபு வி8 காரும் ஒரே 13637 என்றுதான் தொடங்கும். சந்தையில் போலி எஸ்எஸ்கள் மண்டிக்கிடப்பதற்கு இதுதான் காரணம். பேட்ஜ், கோடு, பானெட் எல்லாமே கடையில் கிடைக்கும். ஆகவே எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் விரல் அகலத்தில் தட்டையான ஓர் இடம் இருக்கும். மேலே பல வருட கிரீஸ் அப்பியிருக்கும். தின்னர் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் கிட்டேயே வரக் கூடாது. துடைத்ததும் 'டி0115சிஆர்வி' என்பது போல ஒரு வரி தெரிந்தால்: டோனவாண்டா தொழிற்சாலை, ஜனவரி 15, ஃபோர் ஸ்பீடு கியர் ஷெவெல்லுக்கான 450 குதிரைத் திறன் எல்எஸ்6 எஞ்சின். ஆட்டோமேட்டிக் என்றால் 'சிஆர்ஆர்'. பக்கத்தில் காரின் வின் நம்பரின் கடைசிப் பகுதி அடித்திருக்க வேண்டும். இப்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃபாக்டரியில் அந்த முகத்தைச் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் முடி முடியாக, இணையாக ஓடும். கோடுகள் இல்லாமல் வழுவழுவென்று இருந்தாலோ, எழுத்துகள் மேலும் கீழுமாக, ஆழம் மாறி மாறி இருந்தாலோ, யாரோ இழைத்துவிட்டுப் புது நம்பர் அடித்திருக்கலாம். ரீபில்டு செய்யும்போது மெஷின் ஷாப்பில் டெக்கை (பிளாக்கின் மேல்முகத்தை) சீவி, நேர்மையான காரின் நம்பரே அழிந்துபோவதும் உண்டு. அந்தப் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

தேதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிளாக் வார்த்த தேதி முந்தி, எஞ்சின் கோர்த்த தேதி அடுத்து, உடம்பு கட்டிய வாரம் கடைசி. வார்ப்பில் 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டில் '01சி' என்றால் ஜனவரி மூன்றாம் வாரம். மார்ச்சில் வார்த்த பிளாக் ஜனவரியில் கட்டிய காரில் பிறந்திருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் பில்டு ஷீட். தொழிற்சாலைத் தொழிலாளிகள் பார்த்து வேலை செய்த தாள் அது. பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள், கார்ப்பெட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்க்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டேங்க்கை இறக்க வேண்டியிருந்தால் ஜாக்கி வைத்துத் தாங்கி மெதுவாக இறக்குங்கள்; துருப்பிடித்த பட்டை திடீரென்று அறுந்தால் தாள் உராய்ந்தே போய்விடும். எலி கடித்த பாதித் தாளுக்கும் மதிப்பு உண்டு. உரித்து எடுக்கத் தெரியாவிட்டால் ஒட்டியபடியே போட்டோ எடுத்து விட்டுவிடலாம். வின் தகட்டையும் அதன் பூப்போன்ற ரிவெட்டையும் மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அதைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

உடம்பைப் பார்ப்பது நமக்குத் தெரிந்த டிங்கரிங் விஷயம்தான். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதியில் ஓட்டுங்கள். பட்டி பார்த்த இடத்தில் பிடிக்காது. பெயின்ட் அளக்கும் மீட்டர் இருந்தால் ஃபாக்டரி பெயின்ட் பெரும்பாலும் 100 மைக்ரானை ஒட்டிக் காட்டும், 300ஐத் தாண்டினால் மறுபெயின்ட், இன்னும் ஏறினால் பட்டி. வினைல் கூரை போட்ட கார்களில் பின் கண்ணாடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி உள்ளேயே அரித்திருக்கும். மஸ்டாங்கில் கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌல் பெட்டி. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி உள்ளே சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். மங்கிப்போன ஃபாக்டரி பெயின்ட்டை மட்டும் மறுபடி அடிக்கக் கொடுக்காதீர்கள். உரித்ததை எந்தப் பெயின்ட்டராலும் திருப்பித் தர முடியாது.

ஸ்டார்ட் பண்ணுவதா? ஹெமி போன்ற அரிய காரை நின்றபடியே விற்பது மேல். வாங்குபவர் தன் மெக்கானிக்கை நம்புவார், உங்களுடையவரை அல்ல. 307 எஞ்சின் போட்ட 1972 ஷெவெல் போன்ற சாதாரண கார் என்றால் ஓடவைப்பது லாபம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் டிரான்ஸ்மிஷன் ஆயில், அசிட்டோன் சம பாகக் கலவையை ஊற்றி நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஸ்டார்ட்டரால் அடித்துத் திருப்பினால் சிக்கியிருக்கும் வால்வு புஷ்ராடை வளைத்துவிடும். வால்வ் கவரைத் திறந்து எல்லா ராக்கரும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, கேஜில் பிரஷர் ஏறிய பிறகுதான் முதல் ஸ்டார்ட். பழைய கேம்ஷாஃப்ட்டுக்கு துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றாவிட்டால் லோப் தேய்ந்துபோகும். டேங்க்கில் கிடக்கும் வார்னிஷாகிப்போன பெட்ரோலை உள்ளே விடாமல் கேனிலிருந்து டியூப் போடுங்கள். வீல் சிலிண்டர் சிக்கியிருக்கும், பிரேக் பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் விலைகளை வெளியிடும் ஹாகர்ட்டி நிறுவனத்தின் பட்டியலில் 1 முதல் 4 வரை நிலை இருக்கும். 1 கண்காட்சித் தரம், 4 சுமார். கொட்டகைக் கார் பெரும்பாலும் 4க்கும் கீழே. விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் விற்ற விலையைப் பாருங்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சுத்தியல் 80,000 டாலரில் விழுந்தால், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் 10 சதவீதக் கட்டணம் சேர்த்து 88,000 என்று பத்திரிகையில் வரும். உங்களிடம் ஏல நிறுவனம் 8 சதவீதம் கமிஷன் பிடித்தால் கைக்கு வருவது 73,600. டிரெய்லர் வாடகை அதற்குப் பிறகு. மரபுரிமையாக வந்த கார்களுக்கு, இறந்த நாளின் சந்தை மதிப்புதான் வரிக்கணக்கில் அடக்கவிலை ஆகும். அந்தத் தேதிக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் விற்றால் பிற்பாடு கஷ்டம்.

ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வருகிறவர் பெரும்பாலும் இரண்டு கார்களுக்காகத்தான் வருகிறார். மீதி எட்டையும் அடிமாட்டு விலைக்குப் போட்டு, அந்த இரண்டையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுவார். துக்கம் ஆறாத வீட்டில் இது நடப்பதுதான் மனதை உறுத்துகிறது. மொத்த விலை சொன்னால், ஒவ்வொரு காருக்கும் தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். ஆவணத்தோடு நிற்கும் சிறந்த காரை ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மீ ஊர்களில் நடக்கும் பெரிய ஏலங்களுக்கு, குறைந்தபட்ச விலை வைத்து அனுப்பலாம். நடுத்தரக் கார்கள் ஆன்லைன் ஏலத்தில் நன்றாகப் போகும், நூறு இருநூறு போட்டோவும் துருவை மறைக்காத விவரமும் இருந்தால். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மாதக் கணக்கில் இடைவெளி விடுங்கள்.

டைட்டில், அதாவது நம்மூர் ஆர்.சி. புக், இறந்தவர் பெயரில் இருந்தால் பெரும்பாலும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். டைட்டிலில் உள்ள எண்ணையும் காரில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு 8 இடத்தில் 3 இருந்தாலும் விற்பதற்கு முன்பே மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் திருத்த வேண்டும். வங்கியே எழுதித் தரும் காசாளர் காசோலையை (கேஷியர்ஸ் செக்) கொடுத்தால் அந்த வங்கியின் எண்ணை நீங்களே தேடிப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். பணம் கணக்கில் முழுதாகத் தெளிந்த பிறகே டைட்டிலைக் கொடுங்கள். 'இருக்கிற நிலையில்' என்று எழுதிய விற்பனை ரசீதில் வின் நம்பரோடு இருவரும் கையெழுத்திட்டு, கார் டிரெய்லரில் ஏறிய அன்றே விற்பனை அறிவிப்பை மாநில அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.