குண்டு துளைக்காத பலகை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்று அழைக்கப்படும் சமவெளியில் கார் ஓட்டுவது அலுப்பான வேலை. மேடும் இல்லை, வளைவும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை பருத்தியும் சோயாவும்தான். சாலையோரத்தில் ஒரு பலகை தென்பட்டாலே வண்டியை நிறுத்தத் தோன்றும். டல்லஹாச்சி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) 49-ஈ நெடுஞ்சாலையில் தெற்கே போனால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும்.

முதலில் டட்வைலர். கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. 1903 வாக்கில் இங்கே ரயிலுக்குக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி, ஒருவர் கிட்டார் தந்தியில் கத்தியை அழுத்தி வாசிப்பதைக் கேட்டார். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை ஊரறியச் செய்தவர் ஹேண்டி. அதற்கு ஒரு பலகை இருக்கிறது. 1955இல் கொல்லப்பட்ட எம்மெட் டில்லின் உடலைச் சிகாகோவுக்கு அனுப்பத் தயார் செய்ததும் இதே ஊரில்தான். அந்த இடத்துக்கும் ஒரு பலகை உண்டு.

எம்மெட்டுக்கு வயது 14. கறுப்பினச் சிறுவன். கோடை விடுமுறைக்குச் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்று சொல்லி, 1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில் வெள்ளையர்கள் அவனைத் தூக்கிச் சென்றார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் பிணம் கிடைத்தது. கழுத்தில் பருத்தி அரைவை ஆலையின் கனத்த விசிறியை முள்கம்பியால் கட்டியிருந்தார்கள்.

வழக்கு நடந்தது சம்னர் நீதிமன்றத்தில். 'ஆண்பிள்ளை வளர்க்க ஏற்ற ஊர்' என்று அந்நாளில் ஊர் முகப்பிலேயே ஒரு பலகை நின்றதாம். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அதே இருவர் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க அமெரிக்கச் சட்டம் விடாது.

நீதிமன்ற வாசலில் மாநில அரசின் பச்சைப் பலகை. உச்சியில் மக்னோலியா பூ, கீழே சில வரிகள். விடுதலையும் வாக்குமூலமும் அதில் இருக்கின்றன. எனக்கு அந்த வறண்ட நடை பிடித்திருந்தது. பலகை வந்தது 2007இல். கவுண்டி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே வளாகத்தில், அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படை வீரனின் சிலை 1913ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது.

க்ளெண்டோரா அருகே சரளைப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனால் கிராபால் லாண்டிங் வரும். உடல் கரையேறிய இடமாக நினைவுகூரப்படும் ஆற்றங்கரை. 2008இல் வைத்த பலகையைத் திருடிவிட்டார்கள். இரண்டாவதைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். அதில் 317 துளைகள். 2018இல் வைத்த மூன்றாவது, ஐந்து வாரங்கூடத் தாங்கவில்லை. துப்பாக்கியோடு அதன் பக்கத்தில் நின்று கல்லூரி மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டது 2019இல் செய்தியானது. அந்த ஆண்டே நான்காவது வந்தது: எஃகுத் தகடு, மேலே தடித்த கண்ணாடி போன்ற உறை, எடை சுமார் 225 கிலோ. விரலால் தட்டினால் இரும்புக் கதவில் தட்டியது போலிருந்தது. இதை நட இயந்திரம் இல்லாமல் முடிந்திருக்காது. முந்தைய பலகைகள் தாங்கிய தோட்டாக்களைப் பற்றியும் இதில் எழுதியிருக்கிறார்கள். அந்த முடிவு சரியானது என்பேன். 317 துளைப் பலகை 2021இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023இல் இந்தக் கரையும் சம்னர் நீதிமன்றமும் சிகாகோ தேவாலயம் ஒன்றும் தேசிய நினைவுச்சின்னம் ஆயின.

கவுண்டி எல்லையைத் தாண்டினால் மணி என்ற குக்கிராமம். எல்லாம் தொடங்கிய மளிகைக் கடை அங்கே கூரை விழுந்து, செங்கல் சுவர்களைக் கொடி மூடிக் கிடக்கிறது. முன்னால் 2011இல் நட்ட பலகை; 2017இல் அதன் படங்களையும் எழுத்துகளையும் யாரோ உரித்தெடுத்ததால் புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பழைய பெட்ரோல் நிலையம் ஒன்று புத்தம்புதிதாக மின்னுகிறது. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத் தலங்களுக்கான மாநில நிதியில் 2 லட்சம் டாலருக்கு மேல் அதற்குத்தான் செலவழித்தார்கள். கொலைக்கும் அந்த நிலையத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடினேன். கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.