கிட் இண்டெக்ஸ்: ஒரே கேள்விக்கு இரண்டு பதில் ஏன் வருகிறது?

கிட் என்பது ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்; அது கவனிக்கும் ஃபோல்டர்தான் ரெப்போ. எந்த ஃபைல் மாறியிருக்கிறது என்ற கேள்விக்கு, பல்லாயிரம் ஃபைல் உள்ள ரெப்போவிலும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை சட்டென்று பதில் சொல்லும். பெரும்பாலான ஃபைல்களை அது திறந்து படிப்பதே இல்லை. ஃபைலின் அளவு, கடைசியாக மாறிய நேரம், ஐநோட் எண் (டிஸ்கில் ஃபைலுக்கு உள்ள அடையாள எண்) போன்ற விவரங்கள், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற அடையாளக் குறியோடு சேர்ந்து, இண்டெக்ஸ் என்ற கிட்டின் பதிவேட்டு ஃபைலில் இருக்கும். டிஸ்கில் இப்போது இருக்கும் விவரம் அதோடு ஒத்துப்போனால், ஃபைல் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு ஃபைலில் 100 என்று எழுதி கிட் ஆட் கொடுத்த (அதாவது இண்டெக்ஸில் பதிந்த) கையோடு, அதே நொடியில் ஒரு ஸ்கிரிப்ட் அதை 200 ஆக்குகிறது என்று வையுங்கள். அளவு அதேதான், ஐநோட் அதேதான், நொடிக் கணக்கில் நேரமும் அதேதான். அதனால் மாறிய ஃபைலை மாறாதது என்று கிட் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இதற்குப் பெயரே ரேஸி கிட். நானோநொடி வரை பார்த்தால் தீராதா என்றால், முழுதாகத் தீராது. 6.13-க்கு முந்தைய லினக்ஸில் ஃபைல் நேரம் வழக்கமாகக் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கடிகாரத் துடிப்பான டிக்கை ஒட்டித்தான் நகரும். 250 ஹெர்ட்ஸ் கர்னலில் அது 4 மில்லிநொடி. ஸ்கிரிப்டுக்கு அது தாராளமான நேரம்.

கிட் இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபைலின் நேரம் இண்டெக்ஸ் ஃபைலின் நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியோ இருந்தால், அந்தப் பதிவை நம்பாமல் உள்ளடக்கத்தையே படித்துப் பார்க்கும். ஆனால் இதில் இன்னொரு ஓட்டை உண்டு. சற்றுப் பொறுத்து வேறொரு ஃபைலை ஆட் செய்தால் இண்டெக்ஸ் புது நேரத்தோடு எழுதப்படும். பழைய பதிவின் மேல் இருந்த சந்தேகம் அதோடு போய்விடும். அதனால் எழுதும் முன்பே சந்தேகப் பதிவுகளைச் சரிபார்த்து, உள்ளடக்கம் வேறாக இருந்தால் அளவை 0 என்று பதிந்துவிடும். அடுத்த ஒப்பீட்டில் அது ஒத்துப்போக வழியில்லை.

நேர்மாறான கோளாறுதான் பில்ட் ஸ்கிரிப்டுகளில் அதிகம். ஒரு ஃபைலுக்கு டச் (நேரத்தை மட்டும் மாற்றும் கட்டளை) கொடுத்துவிட்டு, அல்லது ரெப்போவை அப்படியே வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, வித்தியாசம் காட்டும் கட்டளையான கிட் டிஃப்-இண்டெக்ஸை ஹெட்டோடு, அதாவது கடைசியாகச் சேமித்த நிலையோடு, ஓட்டுங்கள். ஓர் எழுத்துகூட மாறாத ஃபைல், ஹாஷ் இடத்தில் வெறும் பூஜ்யங்களோடு, மாறியதாக வரும். நடுவில் ஒருமுறை ஸ்டேட்டஸ் ஓட்டிவிட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் எதுவும் வராது, ஏனென்றால் ஸ்டேட்டஸ் இண்டெக்ஸைப் புதுப்பித்து எழுதிவிட்டது. டிஃப்-இண்டெக்ஸ் தானாக அதைச் செய்யாது. எனவே ஸ்கிரிப்டில் முதலில் அப்டேட்-இண்டெக்ஸை ரிஃப்ரெஷ் ஆப்ஷனோடு ஓட்டியாக வேண்டும். ரெப்போ ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் ஆகியிருந்தால் அந்தக் கட்டளையாலும் இண்டெக்ஸை எழுத முடியாது. அங்கே ஸ்டேட்டஸை போர்சலின் ஆப்ஷனோடு (ஸ்கிரிப்ட் படிக்க ஏற்ற வடிவில் பதில் தருவது) ஓட்டி, அவுட்புட் காலியா என்று பார்ப்பதே நம்பகமானது.

அன்ட்ராக்ட் கேஷை (கிட்டில் இன்னும் சேர்க்காத ஃபைல்களின் பட்டியலை நினைவில் வைக்கும் வசதி) இயக்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது ஃபோல்டர் மாறிய நேரத்தை நம்பி இயங்குகிறது. உள்ளே ஃபைல் சேரும்போதும் நீங்கும்போதும் அந்த நேரத்தை மாற்றாத ஃபைல் சிஸ்டத்தில் அவுட்புட் தப்பாகத்தான் வரும். இதைச் சோதிக்க அப்டேட்-இண்டெக்ஸிலேயே டெஸ்ட்-அன்ட்ராக்ட்-கேஷ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. இயக்கும் முன்பு, ரெப்போ இருக்கும் அதே டிஸ்கில் ஓட்டிப் பாருங்கள்.